வேலைக்காரி என்றால் முனியம்மாதானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிரிப்புப் பக்கத்தில், "முனியம்மா, இன்னைக்காவது பாத்திரத்தை ஒழுங்கா தேய்ச்சியா?" என்று ஒரு வீட்டம்மா கேட்கிறார். பக்கத்துத் துணுக்கில் டாக்டருக்குப் பெயர் ரமேஷ். பல ஆண்டுகளாக உங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்குகிறேன். ஒரு முனியம்மாவைக்கூட நீங்கள் டாக்டராக்கிப் பார்த்ததில்லை.

என் பெயர் முனியம்மாள். முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டு பெற்றதால் வைத்த பெயர். கணிதத்தில் முதுகலை படித்து, அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பணியில் சேரப் போன அன்று பெயரைக் கேட்டதுமே தலைமையாசிரியர் சத்துணவுக் கூடத்துக்கு வழி காட்டினார். நியமன ஆணையை நீட்டிய பிறகுதான் உட்காரச் சொன்னார். அப்புறம் ஒரு வங்கியில், படிவத்தில் பெயரைப் பார்த்துவிட்டு, பேனாவும் கையுமாக நின்றவளிடம் கைநாட்டு மைப்பெட்டியைத் தள்ளினார்கள். வீட்டு வேலை இழிவென்று நான் சொல்லவில்லை. என் அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அவர் பெயர் சரஸ்வதி.

என்னிடம் படித்த ஒரு பெண் குப்பம்மாள். மூத்த பிள்ளைகள் தங்காத வீட்டில், இதுவாவது பிழைக்கட்டும் என்று குப்பையில் கிடத்தி எடுத்து வைக்கும் பெயர் அது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறுவதற்குள் பெயரை மாற்றித் தரச் சொல்லி என்னிடம் அழுதாள். அவளைக் கேலி செய்த பிள்ளைகள் அந்தச் சிரிப்பை எங்கே கற்றார்கள்?

அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நிறுவனங்களுக்கு ஒரே தரமான வேலை விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். லகீஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர்களைவிட எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்கு ஏறத்தாழ 50 விழுக்காடு அதிகமாக அழைப்பு வந்தது. 2004-இல் வெளியான அந்த ஆய்வைச் செய்த இருவரில் ஒருவர் நம் பொருளியலாளர் செந்தில் முல்லைநாதன். அவ்வளவு தூரம் ஏன், 2019-இல் பத்மஸ்ரீ பெற்ற, மகளிர் சுய உதவிக் குழுக்களை வளர்த்த மதுரை சின்னப்பிள்ளைக்கும், 2021-இல் பெற்ற இயற்கை விவசாயி தேக்கம்பட்டி பாப்பம்மாளுக்கும் உங்கள் சிரிப்புப் பக்கத்தில் என்ன வேலை கொடுத்திருப்பீர்கள்?

துணுக்கில் வேலை செய்பவருக்குப் பெயரே தேவையில்லை. வாசகர் எழுதி அனுப்பினாலும் தயவுசெய்து அதை எடுத்துவிட்டு அச்சிடுங்கள். தீபாவளி மலருக்குத் துணுக்குகள் வரத் தொடங்கியிருக்கும். அதிலிருந்தே செய்யலாம்.

சி. முனியம்மாள்,
தருமபுரி