ஏற்காட்டுக்கு முன்னால் இரண்டு நாள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. ஆடியில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் "சேலத்தில் பார்க்க என்ன இருக்கிறது, இறங்கியதும் ஏற்காடு ஏறிவிடலாம்" என்று எழுதியிருந்தாயே, அதுதான் மனதில் தைத்துவிட்டது. சேலத்துக் குகைப் பகுதியில் பிறந்து வளர்ந்த நீயே இப்படிச் சொன்னால் எப்படி மாப்ள?

ஏற்காடு எங்கேயும் போய்விடாது. இருபது கொண்டை ஊசி வளைவும் அப்படியேதான் இருக்கின்றன, ஆடிச் சாரலில் மலை இன்னும் அழகு. முதல் இரண்டு நாள் ஊருக்குக் கொடு, அதைத்தான் கேட்கிறேன். நம் ஊரின் பெருமை பாதியும் வீடுகளுக்கு உள்ளே இருக்கிறது, யாராவது கைபிடித்துக் கூட்டிப் போனால்தான் தெரியும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைக்கு உன் பேத்தியை அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். ஒரு வீட்டில் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பார்கள், அடுத்த வீட்டில் அதை வளைத்துக் கண்ணி கோப்பார்கள், இன்னொரு வீட்டில் பொடி வைத்துப் பற்ற வைப்பார்கள், அப்புறம் சலங்கை, மெருகு என்று ஒரு கொலுசு தெருத் தெருவாக நடந்த பிறகுதான் கடைக்கு வருகிறது. நாம் சின்ன வயதில் அந்தத் தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போனோம், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. எனக்கு இப்போது அது பெரிய குறையாகத் தெரிகிறது.

அம்மாப்பேட்டைப் பக்கம் தறியும் பார்க்கலாம். நம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு, 2023இல் ஜவ்வரிசிக்கும் கிடைத்துவிட்டது. வெளியூர்க்காரர்களுக்கு ஜவ்வரிசி என்றால் பாயாசம், நமக்கு அது குச்சிக்கிழங்குக் காடும், மாவுப்பால் புளிக்கும் வாசனையும், ஆத்தூர்ப் பக்கம் களத்தில் வெள்ளை வெளேரென்று காய்வதும் அல்லவா?

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய சினிமா ஸ்டுடியோ, நூறு படங்களுக்கு மேல் அங்கிருந்து வந்தன, மலையாளத்தின் முதல் பேசும் படமும் அவர்கள் எடுத்ததுதான். அந்த வளைவு ஒன்றுதான் மிச்சம். பஸ்ஸில் அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். மலை ஏறும்போது வண்டியை நிறுத்தி அவளுக்குக் காட்டு.

தாரமங்கலத்துக்கு ஒரு காலைப்பொழுது வேண்டும். கைலாசநாதர் கோவிலில் இராமன் மறைந்து நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலியிடம் போய் நின்றால் இராமன் தெரியமாட்டான். குழந்தையை இரண்டு இடத்திலும் நிறுத்திப் பார்க்கச் சொல், கதையை நீ சொல்லவே வேண்டாம். கல்லில் செதுக்கிய சங்கிலியும் அங்கே தொங்குகிறது.

ஆடி என்றால் கோட்டை மாரியம்மன் பண்டிகை. பூச்சாட்டு முடிந்ததிலிருந்தே ஊர் வேறு மாதிரி ஆகிவிடும். உங்கள் குகையில் வண்டி வேடிக்கை இன்னும் நடக்கிறது, சிவனும் பார்வதியும் முருகனும் வேடம் கட்டி, சீரியல் பல்பு வெளிச்சத்தில் வண்டியில் அசையாமல் நிற்க, திண்ணை, மொட்டைமாடி எல்லாம் ஆள். நீ உன் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த வேடிக்கையை அவள் உன் தோளில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சாயங்காலம் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், அப்படியே ஒரே வாயில் போட வேண்டும். குழந்தைக்குக் காரம் குறைத்துக் கொடுக்கச் சொல்லலாம். மல்கோவா மட்டும் ஆடியில் தீர்ந்துவிடும், அதற்கு அடுத்த வருஷம் வைகாசியில் வா.

மூன்றாம் நாள் ஏற்காடு போகலாம், நானும் வருகிறேன். சேர்வராயன் கோவில் குகையில் குனிந்து கும்பிட்டுவிட்டு, இருட்டியதும் லேடீஸ் சீட் காட்சிமுனைக்கு வந்து கீழே பார்ப்போம். அந்த விளக்குகளில் எது செவ்வாய்ப்பேட்டை, எது குகை என்று அவளே கேட்பாள், பார்.

சரி, ஏற்காடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டதும் தேதி எழுது. விடியும் முன்னே வந்துவிடும், நான் ஸ்டேஷனில் நிற்பேன். பேத்தியின் கால் அளவை ஒரு நூலில் எடுத்துக் கவரில் வைத்து அனுப்பு. பட்டறையில் கொலுசு செய்யச் சொல்லிவிடுகிறேன், திருகாணி மட்டும் அவள் கண் முன்னால் வைக்கட்டும்.

உன்
நண்பன்