துப்பாக்கி விலை இருக்கட்டும், ரேஞ்சைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைப் பயிற்சிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் துப்பாக்கிச் சுடுதலுக்கும் இடம் கொடுத்திருந்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் பெற்றோருக்கு அதில் கிடைத்த ஒரே தகவல் துப்பாக்கியின் விலைதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைபிளில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதே பிரிவில். இவர்களைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" முதல் ஆறு மாதத்துக்கு எதுவும் வாங்க வேண்டாம். கிளப் துப்பாக்கியே போதும். பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது, பிள்ளை நின்று சுடப்போகும் ரேஞ்சை.

ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்கள், கூச்சப்பட வேண்டாம். சுடும் கோட்டிலிருந்து இலக்கு அட்டை வரை 10 மீட்டர், 5 செ.மீ. கூடக் குறைய இருக்கலாம். பிள்ளை நிற்கும் தரையிலிருந்து இலக்கின் நடுப்புள்ளி 1.40 மீட்டர் உயரம்; இதிலும் 5 செ.மீ. வரை விட்டுக்கொடுக்கலாம். வாடகை மாடியில் ஷட்டருக்கும் சுவருக்கும் நடுவே ஒன்பதரை மீட்டரில் முடித்துக்கொள்கிறவர்களும், மேசை உயரத்தில் அட்டையைச் செருகி வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

அரை மீட்டரில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். பத்துப் புள்ளி என்பது இலக்கின் நடுவில் உள்ள 0.5 மி.மீ. பொட்டு. பெல்லட்டின், அதாவது ஏர் ரைபிளில் போடும் ஈயக் குண்டின், விட்டம் 4.5 மி.மீ.; அதன் ஓரம் பொட்டைத் தொட்டாலே பத்து கிடைக்கும். அப்படியும் பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழ வேண்டும். குறி பார்க்கத் துப்பாக்கியின் மேல் இருக்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறத்தாழ 80 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முன் சைட் 0.2 மி.மீ. விலகினாலே பத்து ஒன்பதாகிவிடும். இந்த நிதானம் கைத்தசையால் வராது, எலும்பு தாங்க வேண்டும். இடுப்பை முன்தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி நிற்பது அதற்காகத்தான். நின்று சுடும்போது துப்பாக்கியைக் கையோடு பிணைக்கும் வார் கட்டவும் அனுமதி கிடையாது. இலக்கு 20 செ.மீ. தாழ்ந்திருந்தால் துப்பாக்கி மீட்டருக்கு 2 செ.மீ. கீழே சாய வேண்டும். பிள்ளை கழுத்தைக் குனியும், முழங்கை இடுப்பை விட்டு வழுக்கும். அதுவே ஆறு மாதத்தில் பழக்கமாகிவிடும். பிறகு மாநிலப் போட்டியில் சரியான உயரத்தில் இலக்கைப் பார்த்ததும் உடம்பு ஒத்துழைக்காது. பழி துப்பாக்கி மேல் விழும், வீட்டில் அடுத்த துப்பாக்கிக்கு விலை விசாரிப்பார்கள்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். அட்டையின் மேல் குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும். மங்கலான அறையில் கண்மணி விரிந்து, முன் சைட் வளையத்தின் விளிம்பு கலங்கித் தெரியும். அந்த வளையத்துக்குள் 30.5 மி.மீ. கறுப்பு வட்டம் தெளிவாக அமர்ந்து, சுற்றிலும் தாராளமாக வெள்ளை தெரிய வேண்டும். வெள்ளை மெலிந்திருந்தால் பிள்ளை நடுவைத் தேடித் தேடி டிரிக்கரை இழுக்காமல் நிற்கும். மூச்சடக்கி பத்து நொடி தாண்டினால் அந்தக் குறி கெட்டது, துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். பெரிய வளையம் போட்டால் பாதிச் சிக்கல் தீரும். ஒற்றைக் கண்ணை இறுக மூடிச் சுடச் சொல்லும் கோச்சிடம் சேர்க்காதீர்கள். மூடிய கண்ணின் இறுக்கம் குறி பார்க்கும் கண்ணையும் களைப்பாக்கும். மறு கண்ணுக்கு முன்னால் 30 மி.மீ. அகலத்துக்கு ஒரு மறைப்புப் பட்டை வைத்தால் போதும், விதியும் அதை அனுமதிக்கிறது.

கட்டுரையில் ஈயத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதே எங்களுக்குள்ள பெரிய மனக்குறை. பெல்லட் ஏறத்தாழ அரை கிராம் ஈயம்; ஈயம் உடலுக்குள் போனால் நஞ்சு. ஒரு போட்டிக்கு 60 குண்டு, பயிற்சியில் அதற்கும் மேல். நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போய் இரும்புத் தகட்டில் மோதும்போது ஒரு பகுதி தூளாகிறது. இலக்குப் பெட்டியின் அடியில் சாம்பல் நிறத்தில் படிந்திருப்பது அதுதான். அதைத் துடைப்பத்தால் பெருக்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். பெருக்கினால் தூள் காற்றில் ஏறும். வீட்டு வேக்குவம் கிளீனரும் உதவாது, நுண்தூளைப் பின்பக்கம் ஊதிவிடும். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். காற்று சுடுபவரின் முதுகுப் பக்கமிருந்து இலக்கை நோக்கி ஓடி, இலக்குக்குப் பின்னால் எக்ஸாஸ்ட் வழியே வெளியேற வேண்டும். எல்லாக் கதவையும் அடைத்து ஏசி மட்டும் ஓடினால் அதே காற்றுதான் சுற்றும். ரேஞ்சுக்குள் சமோசா, தண்ணீர் பாட்டில் கூடாது. பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு லோடு செய்யும் பழக்கம் சிறுவர்களிடம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். முதல் நாளே தடுக்க வேண்டும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சானிட்டைசர் ஈயத்தை அகற்றாது. கை கழுவும் குழாய் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரத் தாமதமானால் அந்த இடத்தின் தரம் தெரிந்துவிடும்.

குண்டு மோதும் அந்த இரும்புத் தகட்டின் சாய்வையும் பாருங்கள். குண்டு கீழ்நோக்கித் தெறித்துப் பெட்டியில் விழும்படி சாய்ந்திருக்க வேண்டும். நேராக நிற்கும் தகடும், குழி விழுந்த தகடும் குண்டைத் திருப்பி அனுப்பும்.

அடுத்து, குண்டைத் தள்ளும் காற்றை அடைத்து வைக்கும், துப்பாக்கியோடு பொருத்திய காற்று உருளை. போட்டித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை 200 பார் அழுத்தத்தில் நிரப்பப்படுபவை. உருளையின் மேல் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். பல நிறுவனங்கள் பத்து ஆண்டுதான் ஆயுள் தருகின்றன, தேதி கடந்த உருளைக்குப் போட்டியில் இடமில்லை. பழைய துப்பாக்கியை மலிவாக வாங்குகிறவர்கள் பார்க்கத் தவறுவது இதைத்தான். நிரப்புவது ஈரம் நீக்கிய சாதாரணக் காற்றாக இருக்க வேண்டும், மெதுவாக நிரப்ப வேண்டும். கம்ப்ரசர் பழுதாகிவிட்டது என்று ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பவே கூடாது. உள்ளே இருக்கும் கிரீஸும் உயர் அழுத்த ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கும்.

0.177 அங்குலக் குழல் (அதாவது 4.5 மி.மீ.), 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றல் கொண்ட ஏர் ரைபிளுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் 8 ஜூலைக்கூட எட்டுவதில்லை. ஆனால் ஒரு கண்ணைப் பறிக்க அது தாராளமாகப் போதும். எனவே சுடாத நேரத்தில் எல்லாத் துப்பாக்கியிலும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடி செருகியிருக்கிறதா, அது குழலின் இரு முனையிலும் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். ஒருவர் இலக்குப் பக்கம் நடக்கும்போது மற்றவர்கள் துப்பாக்கியைத் தொடாமல் பின்னால் விலகி நிற்க வேண்டும். "அவன் லோடு பண்ணலை சார்" என்ற பேச்சுக்கே அங்கு இடமிருக்கக் கூடாது.

இவையெல்லாம் சரியாக இருந்தால் தயங்காமல் சேர்க்கலாம். முதலில் வாங்க வேண்டியது இடது கைக்கு ஒரு கையுறையும் கண் மறைப்பும். ஜாக்கெட் அதன்பின், அதுவும் வளரும் பிள்ளைக்குப் பழையதே போதும். விதிப்படி துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம் என்பதற்காகப் பத்து வயதுப் பிள்ளை அதைத் தூக்க வேண்டியதில்லை. எடை குறைந்த துப்பாக்கியிலோ, தாங்கியில் வைத்தோ பழகட்டும். பெல்லட்டின் தலை 4.49-ஆ 4.50-ஆ என்று கடை கடையாக அலைவதெல்லாம் 60 குண்டுக்குத் தசமக் கணக்கில் (ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9) 654 புள்ளிக்கு 600 தொட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். படம் எடுக்க வருகிறவர்கள் துப்பாக்கியைக் கேமராவை நோக்கிப் பிடிக்கச் சொல்கிறார்கள். பிள்ளைகளும் ஆசையாகப் பிடித்துவிடுகிறார்கள். இனி பக்கவாட்டிலிருந்து, கொடி செருகிய துப்பாக்கியோடு எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஏர் ரைபிள் பயிற்சியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.