அடுத்த கார் எது என்று கேட்டிருந்தாய்

அன்பு மகளுக்கு,

நலம். உங்கள் மூவரின் நலமறிய ஆவல்.

பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த காரை இனியும் பழுதுபார்ப்பது வீண் செலவு என்று மெக்கானிக் சொல்லிவிட்டதையும், அடுத்து வாங்குவதற்காக நீயும் மாப்பிள்ளையும் மூன்று கார்களைப் பார்த்து வைத்திருப்பதையும் எழுதியிருந்தாய். புதிய பெரிய டீசல் எஸ்யூவி, புதிய மின்சார கார், ஒருவர் நான்கு ஆண்டுகள் ஓட்டிய பெட்ரோல் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) ஆகிய மூன்றில் எது என்று ஒரே சொல்லில் பதில் கேட்டிருக்கிறாய். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காரின் பின்னிருக்கையில் தினமும் உட்காரப்போவது என் பேரன். இன்னும் பல ஆண்டுகளுக்கு உங்கள் சம்பளத்தில் ஒரு பங்கு மாதந்தோறும் அந்தக் காருக்குத்தான் போகப்போகிறது. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன். நீ எட்டாம் வகுப்பு படித்தபோது வாங்கிய ஏழு இருக்கைக் காரை நீ மறந்திருக்க மாட்டாய். விடுமுறையில் உறவினர்கள் வந்தால் எல்லோரும் ஒரே வண்டியில் போகலாம் என்பதுதான் அதை வாங்குவதற்கு நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம். ஒன்பது ஆண்டுகளில் அந்த மூன்றாவது வரிசையை விரித்து ஆட்கள் உட்கார்ந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்; மற்ற நாட்களில் எல்லாம் உன் அப்பா தனியாளாக அலுவலகத்துக்கும், நான் உன்னை மட்டும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குமாக அந்தப் பெரிய உடலை நெரிசலில் இழுத்துக்கொண்டு திரிந்தோம். அதன் எடைக்கு எரிபொருள் போட்டோம், அதன் அகலத்துக்கு நிறுத்துமிடம் தேடினோம், டயர் மாற்றும்போதெல்லாம் அதன் அளவுக்குக் கூடுதலாகக் கொடுத்தோம். ஆண்டில் நான்கு நாள் தேவைக்கு ஒரு வாடகை வண்டி போதும் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஆதலால் எந்த ஷோரூமிலும் முன்பணம் கட்டுவதற்கு முன், இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு நோட்டில் உங்கள் ஒவ்வொரு பயணத்தையும் எழுதி வை. எவ்வளவு தூரம், எத்தனை பேர், என்ன சுமை, நெரிசலா நெடுஞ்சாலையா, போன இடத்தில் வண்டியை எங்கே நிறுத்தினாய் என்பவை போதும். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அலுவலகம் போக 11 கிலோமீட்டர், திரும்பி வர அதே 11, வார இறுதியில் அருகிலேயே சில வேலைகள், எங்களைப் பார்க்க ஆண்டுக்கு மூன்று முறை 400 கிலோமீட்டர் என்பதுதான் உன் கடிதத்திலிருந்து எனக்குத் தெரிகிற கணக்கு. நோட்டும் இதையே சொன்னால், மூன்று கார்களில் ஒன்று தானாகவே விலகிவிடும்.

விலகுவது டீசல் எஸ்யூவிதான். டீசல் கெட்டது என்று நான் சொல்லவில்லை. தினமும் நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு அதைப்போல் உழைக்கும் இன்ஜின் குறைவு. ஆனால் இன்றைய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அந்த வடிகட்டி அவ்வப்போது தனக்குள்ளேயே எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ள வேண்டும்; அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பமும், இடையில் நிறுத்தாமல் ஓடும் ஓட்டமும் தேவை. நெரிசலில் 11 கிலோமீட்டர் ஊர்ந்து இன்ஜினை அணைத்துவிடும் வண்டிக்கு அந்த வாய்ப்புப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. எரிப்பு பாதியில் நின்றுபோகும், டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வரும், அதையும் கவனிக்காமல் விட்டால் வடிகட்டி அடைத்துக்கொண்டு மாற்றவேண்டிய நிலை வரும். அந்தச் செலவு ஓராண்டு எரிபொருளில் மிச்சப்படுத்தியதை எல்லாம் விழுங்கிவிடும். உயரமான வண்டியில் உட்கார்ந்தால் சாலை முழுவதும் தெரிகிறது என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருந்தாய். தொலைவில் உள்ளது தெரிவது உண்மைதான். ஆனால் உயர்ந்த பானெட்டுக்கு நேர் முன்னால் நிற்கும் இரண்டு வயதுக் குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். வீட்டில் நடை பழகும் பிள்ளை இருக்கும்போது இதை நான் சிறிய விஷயமாக எண்ண மாட்டேன்.

மின்சார காரைப் பொறுத்தவரை, நாள் ஒன்றுக்கு 22 கிலோமீட்டர் என்பது அதற்கு மிகப் பொருத்தமான தேவை. கிளட்ச் இல்லை, இன்ஜின் ஆயில் இல்லை, வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரம் ஆக்கித் திரும்பச் சேமிப்பதால் பிரேக் தேய்மானமும் குறைவு. நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இரவில் அந்தக் கார் எங்கே நிற்கும்? உங்கள் குடியிருப்பில் ஒவ்வொருவரின் நிறுத்துமிடத்துக்கும் மின் இணைப்புத் தருவது பற்றி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். நிற்கும் இடத்திலேயே இரவில் சார்ஜ் செய்ய முடிந்தால்தான் மின்சார காரின் நன்மை முழுமையாகக் கிடைக்கும். இல்லையென்றால் வாரந்தோறும் பொதுச் சார்ஜ் நிலையத்தில் குழந்தையோடு காத்திருக்க வேண்டியிருக்கும். விளம்பரத்தில் சொல்லப்படும் தூரத்தையும் அப்படியே நம்பாதே. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. வேகம் ஒன்றரை மடங்கானால் எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகும். ஆகவே ஊருக்குள் நிறைவாக ஓடும் அதே பேட்டரி நெடுஞ்சாலை வேகத்தில் கண்ணெதிரே குறையும். வேகச் சார்ஜிலும் 80 சதவீதம் வரை விரைவாக ஏறி, அதற்குப் பிறகு மெதுவாகிவிடும் என்பதால், எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு நல்ல நிறுத்தம் எங்கே என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்ற அளவில் உத்தரவாதம் தருகின்றன. திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அது செல்லும் என்ற எண்ணை உத்தரவாதத் தாளிலேயே தேடிப் படித்துவிடு. நிறுத்துமிடத்து இணைப்புக்கு எழுத்துப்பூர்வமான அனுமதி கையில் வந்துவிட்டால், நான் தயங்காமல் மின்சார காரையே எடுக்கச் சொல்வேன். வாய்மொழி உறுதியை நம்பி வாங்காதே.

அந்த அனுமதி வராதவரை என் மனம் ஹைபிரிட்டின் பக்கமே நிற்கிறது. இது புதிதாக வந்து சோதனையில் இருக்கும் நுட்பம் அல்ல. டொயோட்டா 1997இல் ஜப்பானில் பிரியஸ் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது முதல் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஓடித் தேர்ந்துவிட்டது. நெரிசலில் நிற்கும்போது இன்ஜின் அணைந்திருக்கும், மெதுவாக நகரும்போது மோட்டார் தள்ளும், பிரேக்கில் வீணாகும் ஆற்றலில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பும். அதாவது உன் தினசரிப் பயணம் எவ்வளவு மோசமான நெரிசலோ, அந்த அளவுக்கு இதன் பயன் தெரியும். நெடுஞ்சாலையில்தான் சாதாரண பெட்ரோல் காருக்கும் இதற்குமான வேறுபாடு சுருங்கும்.

ஆனால் அது வேறொருவர் ஓட்டிய கார். நீ பிறப்பதற்கு முன் நாங்களும் அப்படி ஒன்றை வாங்கினோம். ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரில் இருந்த குறைந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்தோம். கிளட்ச் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்ததை உன் அப்பாவும் பார்த்தார், நானும் பார்த்தேன், இருவருமே அதன் பொருளை யோசிக்கவில்லை. ஆறு மாதத்தில் கிளட்ச் போனது, அதன்பின் ஒவ்வொன்றாகப் போனது. எண்ணைத் திருத்தி விற்றவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆகவே மிதி ரப்பர், ஸ்டியரிங்கின் பிடி, ஓட்டுநர் இருக்கையில் ஏறி இறங்கும்போது உரசும் ஓரம் ஆகியவற்றின் தேய்மானம் ஓடோமீட்டர் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார். சர்வீஸ் பதிவுகளில் தேதியும் கிலோமீட்டரும் சீராக ஏறி வந்திருக்க வேண்டும். நீ போய்ச் சேரும்வரை இன்ஜினை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிட்டு, போனவுடன் பானெட்டின் மேல் கைவைத்துப் பார். குளிர்ந்த இன்ஜின் முதல் தடவை உயிர்பெறும்போது வரும் சத்தத்தையும் புகையையும் நீயே பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பார்த்தால், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருந்தால் சேற்றுக் கோடு தெரியும். பானெட் கீலின் போல்ட்டுகளில் பெயின்ட் உடைந்திருந்தால் அவற்றை யாரோ கழற்றியிருக்கிறார்கள், காரணம் கேள். சில ஹைபிரிட் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின்னிருக்கையின் அருகே உள்ள துளை வழியாகத்தான் உள்ளே போகும். அது தூசியும் முடியுமாக அடைத்துக் கிடந்தால், முந்தைய உரிமையாளர் மற்றவற்றையும் அப்படித்தான் கவனித்திருப்பார். கடைசியாக, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துப் போ. கணினியை இணைத்துப் பார்க்கும்போது பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்பதோடு அவர் நின்றுவிடக் கூடாது. அண்மையில் குறியீடுகளை அழித்தார்களா என்பதையும் பார்க்கச் சொல், அதற்கான தடயம் சில நாள் ஓட்டம் வரை அதற்குள்ளேயே இருக்கும்.

மூன்றில் எதை எடுத்தாலும் நான் விட்டுக்கொடுக்க மறுப்பது பாதுகாப்பை மட்டும்தான். 1959இல் வால்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மும்முனை சீட் பெல்ட்டைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று அந்த நிறுவனம் காப்புரிமையைத் திறந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சில கார்களில் பின்னிருக்கையின் நடுவில் இடுப்பைச் சுற்றும் பெல்ட் மட்டுமே இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. நடு இருக்கையில் மும்முனை பெல்ட் இருக்கிறதா என்று நீ கையால் இழுத்துப் பார். வளைவில் சறுக்கும் வண்டியின் சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடித்து நேராக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு 1995 முதல் கார்களில் வருகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் அதன் பெயர் மாறும் என்பதால், பெயரைக் கேட்காமல் அது செய்யும் வேலையைச் சொல்லிக் கேள். மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் என்று சொன்னால், எந்த ஆண்டுச் சோதனை, எத்தனை ஏர்பேக் உள்ள வகை என்று அடுத்த கேள்வியைக் கேள். சோதனை விதிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாவதால் பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல. சோதித்த வகையில் இருந்த ஏர்பேக் நீ வாங்கும் குறைந்த விலை வகையில் இல்லாமலும் போகலாம்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது பேரனின் இருக்கையையும் எடுத்துப் போ. பின்னோக்கிப் பார்த்தபடி வைக்கும் குழந்தை இருக்கை முன்னிருக்கையை முன்னால் தள்ளிவிடும். அதை, குழந்தை இருக்கையை மாட்டுவதற்கென்றே காரில் இருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளில் மாட்டிய பிறகு மாப்பிள்ளையின் நீண்ட கால்களுக்கு முன்னால் இடம் மிஞ்சுகிறதா என்பது எந்த விளம்பரத் தாளிலும் இருக்காது. அந்த இருக்கையை முன்னால் வைத்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் எண்ணாதே; எதிரே ஏர்பேக் இயங்கும் இடத்தில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை வைப்பது உயிருக்கு ஆபத்து. முடிந்தால் இரவில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து முகப்பு விளக்கின் வீச்சைக் கவனி.

நிறத்தைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. பெரிய தொடுதிரையைப் பற்றி உண்டு: ஏசியையும் கண்ணாடியின் பனியை நீக்கும் காற்றையும் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையால் தடவி இயக்க முடிகிற பொத்தான்கள் இருக்கும் வண்டியையே நான் விரும்புவேன். கடனைப் பொறுத்தவரை, மாதத் தவணை சிறியதாகத் தெரியவேண்டும் என்று ஆண்டுகளை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். புதிய கார் தன் மதிப்பில் பெரும்பகுதியை முதல் சில ஆண்டுகளிலேயே இழந்துவிடும். நீண்ட கடனில் காரின் மதிப்பைவிடப் பாக்கி அதிகமாக இருக்கும் காலம் வெகுநாள் நீடிக்கும், அப்போது விற்க நினைத்தாலும் முடியாது. நான்கு ஆண்டு ஹைபிரிட்டில் அந்த முதல் இழப்பை வேறொருவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பதும் என் மனம் அதன் பக்கம் சாய்வதற்கு ஒரு காரணம்.

இந்தச் சனிக்கிழமை அதைப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். போனால் நான்கு டயர்களின் பக்கவாட்டிலும் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் தயாரான வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 3522 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் என்று பொருள். அந்தக் கார் 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று சொல்கிறார்கள் அல்லவா? அப்படியென்றால் காரோடு வந்த டயர்களே இன்னும் அதில் இருக்க வாய்ப்பு அதிகம். நான்குமே காரைவிட இரண்டு ஆண்டு இளையதாக இருந்தால், அவ்வளவு குறைந்த ஓட்டத்தில் ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். நான்கையும், ஸ்டெப்னி இருந்தால் அதையும் சேர்த்து, படமெடுத்து அன்று மாலையே எனக்கு அனுப்பு. அப்பாவும் நானும் பார்த்துவிட்டு உன்னை அழைக்கிறோம். அதற்கு முன் கையெழுத்துப் போட்டுவிடாதே.

அன்புடன்,
அம்மா