உடுக்கை அழுகோணுங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல நாட்டு இசைக்கலைஞர்களோடு வேலை செய்யும் ஒலிப்பொறியாளர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் காங்கேயம் பக்கம் முப்பது வருடமாக மைக் செட் போடுகிறவன். கட்டுரை நெடுக மிக்ஸர் பெயர், ஸ்டுடியோ பெயர். அந்த மனுசன் எதைக் காது கொடுத்துக் கேட்டார், எதைத் தொடாமல் விட்டார் என்பதற்கு ஒரு வரி இல்லை. தொழிலே அதில்தானே இருக்கிறது?

இலங்கையில் பிறந்த ஒலிப்பொறியாளர் கவி அலெக்சாண்டர் 1992-இல் அமெரிக்காவில், சாண்டா பார்பராவிலுள்ள ஒரு தேவாலயத்தில், கிடார் கலைஞர் ரை கூடரையும் கிடாரை மாற்றியமைத்துச் செய்த மோகன வீணையை வாசிக்கும் நம் நாட்டுக் கலைஞர் விஸ்வமோகன் பட்டையும் உட்காரவைத்துப் பதிவு செய்தார். இருவரும் சந்தித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஆளுக்கொரு அறையில் வாசிக்கவைத்து அப்புறம் ஒட்டும் வேலையெல்லாம் கிடையாது. ஒரு ஜோடி மைக், அனலாக் டேப், அந்தக் கட்டடத்தின் எதிரொலி, அவ்வளவுதான். அதற்கு 1994-இல் கிராமி விருது கிடைத்தது.

எனக்கு இது புரிந்தது அடிபட்டுத்தான். ஒரு விழாவில் வெளிநாட்டு வயலின்காரரோடு எங்கள் ஊர் உடுக்கைப் பெரியவர் சேர்ந்து வாசித்தார். கூடவே தப்பட்டைக்காரர்களும் இருந்தார்கள். சாயங்காலம் சவுண்ட் செக் பார்த்து எல்லாம் சரி என்று டீ குடிக்கப் போனேன். அதற்குள் அவர்கள் தப்பட்டையைத் தீயில் காய்ச்ச, தோல் விறைத்துச் சத்தம் மூன்று மடங்காகிவிட்டது. (காய்ச்சிய பிறகுதான் அளவு வைக்க வேண்டும் என்பது எந்தக் கையேட்டிலும் இருக்காது.) அந்தச் சத்தம் உடுக்கை மைக்குக்குள் புகாமலிருக்க 'கேட்' போட்டேன். சத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மைக்கை அடைத்துவிடும் கருவி அது. உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்தி விடும்போது ஒரு இழுப்பு வருமே, அதைக் கேட் பாதியில் கடித்துத் துப்பியது. பெரியவர் நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க தம்பி, வெறும் அடி மட்டும் கேக்குது. உடுக்கை அழுகோணுங்க" என்றார்.

கேட்டை எடுத்துவிட்டு, தப்பட்டைக்காரர்களைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னேன். பெரியவரின் குரல் சுருதிக்கு வயலின்காரரே தந்தியை இறக்கிக்கொண்டார். இதை அவரிடம் சைகையில் சொல்லிப் புரியவைத்ததுதான் அன்று நான் செய்த பெரிய வேலை.

இன்னொன்று. 1960-களில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் எங்கள் ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கை அடித்துப் பாடும் எங்கள் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையை ராத்திரி ராத்திரியாக டேப்பில் பதிவு செய்தார். கடல் கடந்து வந்தவருக்கு அந்தப் பொறுமை இருந்தது. கோவையில் இன்று இத்தனை ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. ஒரு முழுக் கதையை உடுக்கையோடு உட்கார்ந்து பதிவு செய்ய யாருக்கும் நேரமில்லை.

பெரியவர் இன்னும் பாடுகிறார். உங்கள் கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் ஒரு வார்த்தை சொல்லட்டும், மைக்கும் கேபிளும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மைக் செட்காரர்,
காங்கேயம்.