பீட்டா என்றால் அரைவேக்காடு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செயலிகளின் தரம் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பாதி வேலை முடிந்ததும் நடப்பது ஆல்பா சோதனை, முக்கால்வாசி முடிந்ததும் நடப்பது பீட்டா சோதனை என்று சொல்கிறது. மாரத்தஹள்ளியில் மென்பொருள் சோதனையே பிழைப்பாக இருக்கும் என்னால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பீட்டா பின்னால் வருவது உண்மைதான். ஆனால் யார் சோதிக்கிறார், எங்கே வைத்துச் சோதிக்கிறார் என்பதல்லவா முக்கியம்?

ஆல்பாவை நிறுவனத்துக்குள் நாங்களே செய்கிறோம். எதை எந்த வரிசையில் அழுத்தினால் செயலி முடங்கும் என்று தேடுவதற்குத்தான் சம்பளம். பிழை கண்டால், எழுதியவரையே அழைத்துக் காட்டலாம். ஆனால் எங்கள் கைபேசிகள் புதியவை, வைஃபை தடங்கல் இல்லாதது, பெயர் கேட்டால் ‘டெஸ்ட் டெஸ்ட்’ என்று தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

பீட்டாவில் செயலி வெளியாட்களின் கைக்குப் போகிறது. அப்படி ஒரு செயலியை வாங்கிப் பார்த்த அல்சூர்ப் பெரியவர் ஒருவரால் முதல் பக்கத்தையே தாண்ட முடியவில்லை. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? குடும்பப் பெயர் கேட்ட பெட்டியில் அவர் தம் தந்தை பெயரின் முதலெழுத்தைப் போட்டார்; ஓரெழுத்துப் பெயர் செல்லாது என்று செயலி மறுத்துவிட்டது. அலுவலகத்தில் எத்தனை தமிழர்கள் இருந்தாலும் இது சிக்கியிருக்காது. அவர்களும் ‘டெஸ்ட்’ என்றுதானே தட்டுவார்கள்!

பீட்டா என்ற பெயரைப் போர்வையாக்குவதும் நடக்கிறது. 2004 ஏப்ரலில் வந்த ஜிமெயில், 2009 ஜூலை வரை அந்த அடையாளத்தோடே இருந்தது. அதையாவது விட்டுவிடலாம், நன்றாகத்தான் ஓடியது. எனக்கு உறுத்துவது 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு. சிலருடைய கோப்புகளை அது அழித்துவிட்டதால், மைக்ரோசாஃப்ட் விநியோகத்தை நிறுத்தி, நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டது. முன்னோட்டமாகப் பயன்படுத்தியவர்களில் சிலர் இதே கோளாறை முன்பே புகாராக எழுதியிருந்தார்கள். குவிந்த புகார்களுக்கு நடுவே அது கவனிக்கப்படவில்லை. படிக்க ஆளில்லாத புகாருக்குப் பயனர்களை ஏன் சிரமப்படுத்த வேண்டும்?

கூகுள் பிளே இப்போது செயலி உருவாக்குவோரின் புதிய தனிநபர் கணக்குகளுக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: செயலியைப் பொதுவில் விட வேண்டுமானால் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையில் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இங்கே இளைஞர்கள் நண்பர்களைக் கெஞ்சிப் பன்னிரண்டு பெயர் சேர்க்கிறார்கள். நண்பர்களோ செயலியை இறக்கி வைப்பதோடு சரி. தலைக்கணக்கு நிறையும், பிழை ஒன்றும் வெளிவராது.

ஒரு வேண்டுகோள். பீட்டாவிலிருந்து விலகும் வழியையும் உங்கள் இணைப்பில் அச்சிடுங்கள். பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்திலேயே, கீழே, அதற்கான பொத்தான் இருக்கிறது. விலகியபின் செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினால் பொதுப் பதிப்பு கிடைக்கும். பணம் புழங்கும் செயலிகளில் பீட்டாவை ஏற்றுக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு, வீட்டுப் பிள்ளைகள் இன்றே இதைச் செய்து கொடுக்கலாம்.

இப்படிக்கு,
வாசகி,
அல்சூர், பெங்களூரு