அம்மிணி, கை வைக்கிறவள் நீ

கோயம்புத்தூர்
ஞாயிறு, பொழுதோட

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம். தூத்துக்குடியில் வெயில் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

"ஆபீஸ் வேலைக்குப் போய்விடட்டுமா அம்மா" என்று வியாழக்கிழமை ராத்திரி நீ போனில் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. உன் குரல் தழுதழுத்தது தெரிந்தது. நானும் பேசினால் உடைந்துவிடுவேன் என்று "சரி சாமி, தூங்கு" என்று வைத்துவிட்டேன். மூன்று நாளாக அதே வெசனம். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

"வெயிலில் நின்று கஷ்டப்பட வேண்டாம், ஆபீசில் உட்கார்ந்து டிசைன் பாரும்மா" என்று உன் சோலார் சைட் மேலாளர் சொன்னது அக்கறை இல்லை. பேனல் கரண்டை ஏ.சி.யாக மாற்றுகிற இன்வெர்ட்டரை நிறுத்தாமல், பேனல் ஒயரின் கனெக்டரைப் பிடுங்கச் சொன்னார்கள். நீ அந்த ஹெல்பர் பையனின் கையைப் பிடித்துத் தடுத்தாய். ஒரு மணி நேரம் வேலை நின்றது. அதற்கு வந்த வினைதான் இந்த ஆபீஸ் நாற்காலி. "பொம்பளப் பிள்ளைக்குப் பயம்" என்று நாலு பேர் முன்னால் சொன்னாராமே. அந்தப் பயம் நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று நான் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை.

என் அப்பா, உன் அப்புச்சி, 1958ல் லைன்மேன் வேலைக்குச் சேர்ந்தார். மெட்ராஸ் மின்சார வாரியம் ஆரம்பித்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பைக்காரா கரண்டு 1932லேயே வந்துவிட்டது, இந்த ஊர் மில்லெல்லாம் அதை நம்பித்தான் பெருகியது. ஆனால் தோட்டங்காட்டுப் பக்கம் லைன் இழுத்தது அப்புச்சி காலத்து ஆட்கள்தான். கம்பத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், குழி தோண்டி, கயிறு கட்டிப் பத்துப் பேர் ஒரே மூச்சில் இழுத்து நிறுத்துவார்களாம். கையுறை கிடையாது, பெல்ட் கிடையாது. இடுப்பில் ஒரு கயிறு, ஒரு கட்டிங் பிளேயர், தோளில் ஏணி. நிரந்தர வேலை, கடைசியில் பென்ஷன். அந்த மரியாதை இருந்தது. உயிருக்குக் காவல் மட்டும் இல்லை.

1981 மழைக்காலத்தில் ஒரு கம்பத்தில் இரண்டு பக்கத்துக் கம்பிகளையும் இணைக்கிற ஜம்பர் அறுந்து, அதற்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபமும் நாலைந்து வீடுகளும் இருட்டாகிவிட்டன. அப்புச்சியும் அவருடைய கூட்டாளியும் போனார்கள். முறைப்படி எல்.சி., அதாவது லைனை நிறுத்தியாயிற்று என்ற 'லைன் கிளியர்' அனுமதி, வாங்கியாயிற்று. டிரான்ஸ்பார்மரில் லைனைத் துண்டிக்கிற ஏ.பி. சுவிட்சை இறக்கிப் பூட்டும் போட்டாயிற்று. கூட்டாளி மேலே ஏறினார். அந்த நேரம் பார்த்து மண்டபத்தில் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள். தெரு லைனைப் பிரித்துவிடுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லை, நேராக மெயினில் கொடுத்திருந்தார்கள். செத்த லைன் என்று தொட்ட கம்பியில் பின்பக்கமாகக் கரண்டு வந்தது. அவரை இறக்கித் தரையில் கிடத்தியது அப்புச்சிதான். அப்போது எனக்குப் பதிமூன்று வயது. வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றாமல் திண்ணையிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தார். அம்மாயி காப்பி வைத்துக் கொடுத்தும் தொடவில்லை.

அதற்கப்புறம் அவர் வேலை செய்கிற முறையே மாறிப்போயிற்று. மேலே போனதும் முதலில் டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்ப்பார். பிறகு நாலு கம்பியையும் ஒன்றாகச் சேர்த்து எர்த்துக்குக் கட்டுவார், தான் நிற்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும். அதற்குப் பிறகுதான் பிளேயரை எடுப்பார். "எல்.சி. காகிதத்தில் இருக்குது, கை என்னோடது" என்று சொல்வார். பத்து நிமிஷ வேலைக்கு அரை மணி எடுக்கிறார் என்று அவரையும் ஏசினார்கள். 1996ல் இரண்டு கையும் இரண்டு காலுமாக ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்தார்.

நான் கம்பம் ஏறவில்லை. 1986ல் ஆவாரம்பாளையத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற ஒரு வைண்டிங் பட்டறையில் சேர்ந்தேன். 1937ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. அந்த வழியில் வந்த பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. லேத்தில் ஆம்பளைகள், வைண்டிங்கில் நாங்கள். மோட்டார் இரும்பில் இருக்கிற ஸ்லாட் என்ற பள்ளத்தில் தாளை மடித்து வைத்து, சுற்றிய கம்பிக் காயிலை இறக்கி, மூங்கில் ஆப்பை அடித்து, நூலால் இறுக்கிக் கட்டி, வார்னிஷில் முக்கி அடுப்பில் வேகவைக்க வேண்டும். உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தத் தாள் கட்டு மேலேயே படுத்துத் தூங்கிவிடுவாய். வார்னிஷ் வாசம் உன் தலைமுடியில் இரண்டு நாளைக்கு இருக்கும்.

கருகி வருகிற மோட்டார்தான் எனக்குப் பாடம் சொன்னது. பிரித்துப் பார்த்தால் மூன்று பேஸில் இரண்டு கருகி, ஒன்று மட்டும் புதுச் செம்பு மாதிரி பளபளவென்று இருக்கும். மூன்று பேஸ் சுற்றும் ஒரு முனையில் சேர்கிற ஸ்டார் கனெக்ஷன் மோட்டாரில் ஒரு பேஸ் போய், மீதி இரண்டிலேயே ஓடியிருக்கிறது என்று அர்த்தம். சுற்று முழுக்க ஒரே மாதிரி கறுத்திருந்தால் லோடு தாங்கவில்லை, இல்லை வோல்டேஜ் கிடைக்கவில்லை. ஸ்லாட் வாயில் ஒரே ஒரு பொட்டு எரிந்திருந்தால் தாள் கிழிந்து மோட்டார் உடம்பில் கரண்டு இறங்கியிருக்கிறது. ஏணியையே தொடாமல், ஐம்பது மைல் தள்ளி ஒரு தோட்டத்தில் நடந்ததை என்னால் சொல்ல முடிந்தது. அது பெரிய படிப்பு, அம்மிணி. அதற்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் கரண்டு இலவசமானது. எங்களுக்கு வேலை குவிந்தது. கிணறு வற்ற வற்ற போர்வெல் போட்டார்கள், போர்வெல் இறங்க இறங்க மோட்டார் நீண்டது. நீர்மூழ்கி மோட்டார் வைண்டிங் வேறு மாதிரி வேலை. அதில் காயிலைச் சுற்றி எடுத்து இறக்க முடியாது. பிவிசி ஒயரை ஒவ்வொரு சுற்றாக ஸ்லாட்டுக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். இந்த முனையில் நான், அந்த முனையில் எதிர்வீட்டு அக்கா. நான் தள்ளுவேன், அவள் இழுப்பாள், பிறகு அவள் தள்ளுவாள், நான் இழுப்பேன். வாய் எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு பேஸில் எண்ணிக்கை தப்பினால் மோட்டார் உறுமும், ஒயர் தோல் உரிந்தால் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, கசிவு பார்க்கிற மெக்கர் மீட்டரை வைக்கும்போது முள் விழுந்துவிடும். அப்படிப் பிரித்த வேலைக்குக் கூலி இல்லை. எண்ணிக்கைக் கூலிதான் எங்களுக்கு, பி.எஃப். கிடையாது, ஆஸ்பத்திரிச் செலவு நம் கையில். அந்தப் பட்டறையில் நான் சுற்றிய மோட்டார் எத்தனை தோட்டத்தில் தண்ணீர் இறைத்ததோ, ஒரு ரசீதில்கூட என் பேர் கிடையாது. இந்தக் குறை எனக்கு இன்னும் ஆறவில்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

2012 உனக்கே தெரியும். ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்டு இல்லை. ஜாப் ஒர்க் பட்டறைகள் வரிசையாகச் சாத்தினார்கள். கரண்டை நம்பிப் பிழைக்கிற வீட்டிலேயே மெழுகுவத்தி வைத்து நீ படித்தாய். பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல்தான் எடுப்பேன் என்று நீ சொன்னபோது உன் அப்பா தயங்கினார். அப்புச்சிதான் "எடுக்கட்டும், எனக்குத் தெரியாததை அவள் சொல்லுவாள்" என்றார். இருந்து பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நிஜமாகவே அவருக்குத் தெரியாததைத்தான் நீ செய்கிறாய். போன வருஷம் நம் மாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட்டாயே, 78,000 ரூபாய் மானியம் வந்ததே, அப்போது நீ சொன்னது எனக்கு அப்படியே மனசில் நிற்கிறது. தெருவில் கரண்டு போனால் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும், லைனில் வேலை செய்கிறவர் மேல் நம் வீட்டுக் கரண்டு பாயக்கூடாது என்பதற்காக, என்றாய். அன்றைக்கு ராத்திரி அந்தக் கல்யாண மண்டபத்தை நினைத்து நான் அழுதேன். அப்படி ஒரு பெட்டி 1981ல் அந்த ஜெனரேட்டருக்கு இருந்திருந்தால்!

இன்னொன்றும் சொன்னாய். பேனலை நிறுத்த முடியாது. வெயில் இருக்கிற வரை அதில் வோல்டேஜ் இருந்துகொண்டே இருக்கும், உங்கள் சைட்டில் பேனல் வரிசைக்கு ஆயிரம் வோல்ட்டுக்கு மேல். ஏ.சி. கரண்டு நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்துக்கு வந்து போவதால் நெருப்பு அறுந்துவிடும், டி.சி. அப்படி இல்லை, லோடு ஓடும்போது கனெக்டரைப் பிரித்தால் நெருப்பு அறுபடாமல் இழுத்துக்கொண்டே வரும் என்றாய். முதலில் இன்வெர்ட்டர், பிறகு பேனல் பக்கத்தைத் துண்டிக்கிற டி.சி. ஐசொலேட்டர், பிறகு ஒயரைச் சுற்றிப் பிடிக்கிற கிளாம்ப் மீட்டரில் கரண்டு பூஜ்யம் என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அப்புச்சிக்கு இழுத்து நிறுத்த ஒரு சுவிட்சாவது இருந்தது. உனக்குச் சூரியனையா இழுத்து நிறுத்த முடியும்? அவருக்கு வேண்டியிருந்ததைவிட உனக்குப் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும். வியாழக்கிழமை நீ அந்தப் பொறுமையைத்தான் காட்டினாய்.

அந்த ஹெல்பர் பையன் ஒடிசாவிலிருந்து வந்தவன் என்றாய். காண்டிராக்டரிடமிருந்து இன்னொரு காண்டிராக்டர், அவனுக்குக் கீழே இந்தப் பையன். தமிழ் தெரியாது. "நிறுத்தாமல் பிடுங்க மாட்டேன்" என்று சொல்ல அவனுக்கு வாயில்லை, சொன்னால் நாளைக்கு வேலை இல்லை. அந்த இடத்தில் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான் இருந்தாய். நீ ஆபீசுக்குப் போய்விட்டால் அடுத்த தடவை அவன் கையைப் பிடிக்க யார் இருப்பார்கள்?

அதனால் நான் சொல்வது, இப்போது போகாதே. டிசைன் வேலை கேவலம் என்று சொல்லவில்லை, அதுவும் உன் படிப்புக்கு ஏற்ற வேலைதான். உனக்கே ஆசை வந்து நீயாகக் கேட்டுப் போனால் நான் சந்தோஷப்படுவேன். சரியானதைச் செய்ததற்குத் தண்டனையாகப் போகாதே. எனக்கு இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது, மின்சார லைசென்சிங் போர்டு கொடுத்த சூப்பர்வைசர் சான்றிதழ். அதில் உன் பேர் இருக்கிறது. நாளைக்கு அந்தப் பையனுக்கு ஏதாவது ஆனாலும் அந்தப் பேரைத்தான் கேட்பார்கள்.

ஒன்று செய். அன்றைக்கு நடந்ததைத் தேதி, நேரம், எந்த வரிசை, மீட்டரில் எத்தனை ஆம்பியர் ஓடியது என்று எழுதி மேலே உள்ளவர்களுக்கு மெயில் அனுப்பு. திட்டி எழுத வேண்டாம், நடந்ததை மட்டும் எழுது. நிறுத்தும் முறையை இந்தியிலும் எழுதி இன்வெர்ட்டர் பக்கத்தில் ஒட்டச் சொல்லிக் கேள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வா. உன் சம்பளம் வந்துதான் அடுப்பு எரிய வேண்டும் என்ற நிலைமை இல்லை.

அப்புறம் அந்தக் கையுறை விஷயம். சைட்டில் கொடுப்பதெல்லாம் ஆம்பளைகள் சைஸ், விரல் நுனி மடங்கிப்போய் கனெக்டரைப் பிடிக்கவே வரவில்லை, அதனால் ஆட்கள் கழற்றிவிடுகிறார்கள் என்றாயே. டி.சி. 1,500 வோல்ட் வரை தாங்குகிற 'கிளாஸ் ஜீரோ' ரப்பர் கையுறை சின்ன சைஸிலும் வருகிறதாம், காந்திபுரத்தில் ஒரு கடையில் விசாரித்துவிட்டு வந்தேன். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி நூல் வைத்து அளந்து எத்தனை அங்குலம் என்று அனுப்பு. அந்தப் பையனுடைய கையையும் அளந்துவிடு. சனிக்கிழமை இரண்டு ஜோடியும் பார்சலில் போடுகிறேன்.

அம்மா