டப்ளினில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிறு போனில் அப்பா உனக்குப் பதில் சொல்லவில்லை என்று மனதில் வைத்துக்கொள்ளாதே. கோபம் ஒன்றும் இல்லை. அவரிடம் ஆங்கிலம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஐரிஷில் கேட்டால், படகுக்கு எந்த வருஷம் தார் பூசினோம் என்பது வரை சொல்கிறார். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நினைவுச் சோதனைக்காக அவரை கால்வே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். கடிகாரம் வரைந்து, 11:10 காட்டச் சொன்னார்கள், ஆங்கிலத்தில். பென்சிலைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். சைபர் போட்டுவிட்டார்கள். நான் ஐரிஷில் சொன்னதும் இரண்டு முள்ளையும் சரியாக வைத்தார். அது கணக்கில் வராதாம். ஐரிஷ் தெரிந்தவர் இல்லையா என்றேன். இருந்த ஒருவரும் லீவாம். முதல் ஆட்சிமொழி என்று 1937 அரசியல் சட்டத்தில் எழுதி வைத்த நாட்டில்!

உனக்குத் தெரியாததா, நீ அரசு ஆபீசிலேயே இருக்கிறாய். 2030 முடிவதற்குள், அரசு வேலைக்குப் புதிதாக எடுப்பவர்களில் 20 சதவீதமாவது ஐரிஷ் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று 2021-ல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தினார்களே. அவ்வளவு பேர் எங்கிருந்து வருவார்கள்? நம் கொனமாராப் பிள்ளைகளும் போனால்தானே. நீ தேர்வில் ஜெயித்தபோது அப்பா சர்ச் வாசலில் நின்று ஒருவர் விடாமல் சொன்னார். உன் ஆபீசில் உனக்கு ஐரிஷ் தெரியும் என்பதே யாருக்கும் தெரியாதாம், சித்தி மகள் சொன்னாள். நான் நம்பவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான்.

ஐரிஷ் பேசும் நம் கெயில்டாக்ட் பகுதி மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே சேவை செய்ய அரசு முன்வரவில்லை என்று 2013-ல் மொழி ஆணையரே பதவியை விடுவதாக அறிவித்தாரே, நினைவிருக்கிறதா? அன்று ரேடியோ பக்கத்திலிருந்து அப்பா எழுந்திருக்கவே இல்லை. அப்போது நீ வீட்டில்தான் இருந்தாய்.

சரி, ஒரு வேலை செய். ஐரிஷில் சோதிக்க ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டும். நீயே எழுது, ஐரிஷிலேயே எழுது. ஐரிஷில் எழுதினால் ஐரிஷிலேயே பதில் தர வேண்டும் என்று 2003 ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இருக்கிறது. உன் பெயரை முழுதாகப் போடு.

வேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு பேசு. அப்பாவிடம் சத்தம் போட்டுப் பேச வேண்டாம், அவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது. நம் வீட்டில் பேசுகிற மாதிரி பேசு, போதும்.

அன்புடன்,
அம்மா